கை மடக்கிய செல்கள்

பாப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்தால் இதுதான் வில்லங்கம். தலை நரைத்து, மூக்கில் கண்ணாடி ஏறி, முட்டி வலி வந்த பிறகும் பாப்பாதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டு, அண்ணி அப்படிக் கூப்பிட்டு, கட்டிக்கொண்டவரும் அப்படியே கூப்பிட்டு, ஒருநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு "பாப்பா இருக்காளா" என்று கேட்டுவைத்ததில் வேலை இடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கே அவள் இருபத்திரண்டு வருஷமாகச் செல் எண்ணுகிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மூன்றாவது மாடி. உயிரோடு இருக்கும்போதே, "நான் போன பிறகு என் மூளையை எடுத்துப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தவர்களின் மூளை அங்கே வரும். முதலில் சில வாரம் வாளியில் மருந்துத் தண்ணீருக்குள் ஊறும். பிறகு துண்டு போட்டு, மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். மெழுகு வேலை செய்பவருக்கு மெழுகு என்றே பெயர். அவர் கொடுக்கும் கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து, கையில் ஒரு எண்ணும் கருவியோடு பாப்பா உட்காருவாள். கருவியில் மூன்று பொத்தான்.

மூன்று பொத்தான் எதற்கென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ஓடாது. மூளைக்கென்றே காவல் செல்கள் உண்டு. மைக்ரோக்ளியா என்று பெயர். ஒன்றும் நடக்காத காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு, நூல் மாதிரிக் கைகளை நாலாபக்கமும் விரித்து, அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது அடிபட்டு ரத்தம் கசிந்தால் அந்தப் பக்கம் கை நீளும். அப்புறம் கைகள் தடித்து, குட்டையாகி, மடங்கும்; உடம்பு பெருக்கும். இன்னும் சில நாள் போனால் கையே இல்லாமல் உருண்டு, சிதைந்ததையெல்லாம் விழுங்கி, வயிறு உப்பிக் கிடக்கும். விரிச்சது, மடக்கினது, உருண்டது. அந்த அறையின் பாஷையில் மூன்று பொத்தான்களுக்கும் அதுதான் பெயர்.

காயம் ஆறிய பிறகு அவை திரும்பக் கையை விரிக்குமா என்று பாப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய டாக்டரம்மாவைக் கேட்டாள். "விரிக்கும். சிலது விரிக்கிறதே இல்ல. வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியல" என்றார் டாக்டரம்மா. ஓய்வு பெற இரண்டு வருஷமே பாக்கி இருக்கும் இன்றைக்கும் அதே பதில்தான் வைத்திருக்கிறார்.

இன்னொரு சாயமும் உண்டு, நீலம். கசிந்த ரத்தத்தைத் தின்ற செல்லுக்குள் இரும்பு தங்கும். இந்தச் சாயம் போட்டால் அது நீலமாகத் தெரியும். அடிபட்ட அன்றைக்கு அந்த நீலம் வராது, மறுநாளும் வராது. மூன்று நாளாவது ஆக வேண்டும். ஆகவே அடிபட்ட மூளை வந்தால், பாப்பா உருண்டதை எண்ணி, நீலத்தைப் பார்த்து, அடிபட்டு எத்தனை நாள் கழித்து அந்த ஆள் போனார் என்று சொல்லிவிடுவாள். பிறகுதான் டாக்டரம்மா தானும் பார்ப்பார். பாப்பா சொன்னது பிசகியதாகச் சரித்திரம் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திறமையோடு ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்திருந்தது. நாளைச் சொல்லிவிட்டு, கூடவே அந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுவாள். "நாலு நாள் தலையில அடியோட நடமாடியிருக்கார் மனுஷன். வீட்ல ஒருத்தர்கூடக் கேட்டிருக்க மாட்டாங்களா?" என்பாள். யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது. பெட்டியில் வெறும் எண்தான் இருக்கும். ஆணா பெண்ணா, வயசு என்ன, அவ்வளவுதான். தெரியாத வீட்டைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டே, அது.

எட்டு மாசத்துக்கு முன்னால் அவள் அப்பாவும் அதே வாளிக்குத்தான் வந்தார்.

அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று முப்பத்தொரு வருஷம் எழுதியவர். அம்மா போன பிறகு பதினைந்து நாள் மகள் வீடு, பதினைந்து நாள் மகன் வீடு. மாறுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. நாலே முக்காலுக்கே பையோடு வாசலில் நிற்பார். மகள் வேலை செய்யும் இடம்தானே என்று அவர்தான் கேட்டு வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "என்னுதையும் எண்ணிப் பாரு. எத்தனை தேறுதுன்னு பாப்போம்" என்று சிரித்தார்.

மகன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அண்ணி மட்டும். அண்ணி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். துவைத்த துணியை மொட்டை மாடியில் உலர்த்திவிட்டு, அங்கே எதிர்வீட்டுக்காரியோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கி வந்தவள் பார்த்தது அதுதான். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் உயிர் போய்விட்டது. அன்று மாலையே டாக்டரம்மா வெறும் கண்ணால் பார்த்து ஒரு வரி எழுதினார்: மூளையின் மேலுறைக்குக் கீழே ரத்தக் கசிவு, தலையில் அடிபட்டதால் இருக்கலாம், முழு அறிக்கை பிறகு.

அந்த ஒரு வரியைக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவள் பாப்பா. கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் ஒரு கேள்வியும் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் அண்ணி தனியா விட்டுட்டுப் போனீங்க?"

"இருபது நிமிஷம் இருக்கும்" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். அண்ணனுக்கு அந்த இருபது நிமிஷம் தொண்டையில் மாட்டிய முள்ளாகிவிட்டது. சாப்பிடும்போது இருபது நிமிஷம், குழாயில் தண்ணீர் வராவிட்டால் இருபது நிமிஷம், அண்ணி கடைக்குப் போய் வர நேரமானால் இருபது நிமிஷம். வேறு ஊரில் படிக்கும் பிள்ளை போனில் சமாதானம் பேசிப் பார்த்து ஓய்ந்துபோனான். மூன்றாம் மாசம் அண்ணி தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்தாறு வருஷக் குடித்தனம். இப்போது பிரிவுப் பத்திரம் தயாராகிவிட்டது. சனிக்கிழமை கையெழுத்து. இரண்டு சாட்சி வேண்டும். ஒருத்தர் கீழ்வீட்டுக்காரர், இன்னொருத்தர் பாப்பா.

"வந்துரு. உன் அண்ணிதான் உன் பேரைச் சொன்னா" என்று அண்ணன் போனில் சொன்னான். பாப்பாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அண்ணியை அவளுக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்த வருத்தத்துக்குள், தான் ஒன்றும் செய்துவிடவில்லை, கேட்க வேண்டிய கேள்வியைத்தானே கேட்டோம் என்ற நிம்மதியும் பத்திரமாக இருந்தது.

அப்பாவின் பெட்டியைத் தான் தொடக்கூடாது என்பதில் பாப்பா கறாராக இருந்தாள். சொந்தக்காரர்களுடையதைச் சொந்தக்காரர் பார்க்கக்கூடாது என்பது அந்த இடத்தின் விதி. எழுதி வைத்தவளே அவள்தான். பெட்டியின் எண்ணை அவளுக்குச் சொல்லாமல் மெழுகே வைத்துக்கொண்டார். "எல்லாம் நான் பார்த்துக்கறேன். பெட்டி மேல சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருக்கேன். சிவப்பைப் பார்த்தா நீங்க தொடாதீங்க" என்றார். நல்ல மனுஷர். ஆனால் சாயம் போடுகிற அறையில் மெழுகைக் கரைக்கிற சைலீனின் ஆவி இருக்கும், அந்த ஆவியில் ரப்பர் ஊறி, பிசுபிசுத்து, அற்றுப்போகும் என்பது அங்கே தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும். இருபது வருஷம் அங்கேயே குப்பை கொட்டிய மெழுகுக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. கண்ணில் புரை எடுக்க லீவு போட்டுப் போன அவருக்கு, ரப்பர் பேண்டு என்ன ஆயிற்று என்ற யோசனையும் இல்லை.

வியாழக்கிழமை அடுக்கில் அடுத்திருந்த பெட்டியை பாப்பா எடுத்தாள். சீட்டில் ஆண், எழுபத்தொன்பது என்று இருந்தது. அந்த வயசில் மாசத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். முன்மூளையின் அடிப்பக்கத்துக் கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நசுங்கிய இடம். பொத்தான்கள் ஓடின. விரிச்சது பதினொன்று. மடக்கினது நாற்பத்திரண்டு. உருண்டது நூற்று முப்பத்தாறு. அடுத்து நீலச் சாயம் போட்டது. உருண்டவை பாதிக்கு மேல் நீலம்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். "எத்தனை நாள் பாப்பா?"

"ஆறு நாள் மேடம். அஞ்சுக்குக் குறையாது."

"எப்படி விழுந்திருப்பார்?"

"பின்னால சாஞ்சு. பின்னந்தலை இடிச்சா இந்த முன்பக்கத்து அடிதான் நசுங்கும். வழுக்கியிருப்பார்." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஆறு நாள் மேடம். ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா இன்னைக்கு உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பார். என்ன வீடோ, என்ன மனுஷங்களோ."

டாக்டரம்மா குறித்துக்கொண்டு போனார். பாப்பா கண்ணாடிகளைப் பெட்டிக்குள் வரிசையாகச் செருகி மூடியை அழுத்தினாள். மூடியின் ஓரத்தில் விரலில் ஏதோ பிசுபிசுத்தது. சுரண்டிப் பார்த்தாள். விரல் நகத்தளவு ரப்பர், சிவப்பு.

கொஞ்ச நேரம் அந்த ரப்பரை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போய், கையை நீட்டிக் காட்டினாள். டாக்டரம்மாவுக்கு ரப்பர் பேண்டு ஏற்பாடு தெரியும். அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார், ஒரு பக்கத்தைப் பார்த்தார், மூடி வைத்தார்.

"நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போங்க" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். அப்பா போனது செவ்வாய். அதிலிருந்து பின்னால் திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன், புதன். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும் அப்பா இருந்தது அவள் வீட்டில். அண்ணன் வீட்டில் முழுசாக இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையை அவள் மறந்திருந்தாள் என்று சொன்னால் பொய். மறக்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. பார்க்காமல் ஓரமாக வைத்திருந்தாள். வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். ஏழரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்கு. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா ஈரத் தரையில், சுவரில் முதுகு சாய்த்து, கையில் குவளையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, விழுந்துட்டீங்களா?"

"இல்ல. சும்மா உக்காந்தேன்."

"தரையிலயா?"

"உக்காந்தேன்னு சொல்றேன்ல. உனக்கு நேரம் ஆகலையா? ஏழு இருபத்திரண்டு."

கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் துண்டை எடுத்துப் பின்னந்தலையை ரொம்ப நேரம் துடைத்தார். தலை துவட்டுகிறார் என்று இருந்துவிட்டாள். அப்பாவுக்குப் பின்னந்தலையில் துவட்ட முடியே கிடையாது. நாற்பது வயசிலேயே வழுக்கை விழுந்தவர். ஒவ்வொரு நாளும் அந்தத் தலையைப் பார்த்தவள் அவள். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், லேசாக இடித்தாலும் உள்ளே கசியும் என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவளும் அவள்தான். அன்று சாயங்காலம் தலைவலி என்றார். ஒரு மாத்திரை கொடுத்தாள். சனிக்கிழமை தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். வயசு என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன நினைத்தாள், அப்படி நினைத்தால் வேலைக்குப் போகலாம், அதனால் நினைத்தாள்.

கூடத்தில் அத்தனை பேர் முன்னால் தன் வாய் ஏன் அவ்வளவு முந்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டது என்பது, பஸ் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போன பிறகு அவளுக்குப் புரிந்தது. யாராவது அவளைக் கேட்பதற்குள் அவள் அண்ணியைக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, யாரிடமும் கேட்காமல் அப்பாவின் மெழுகுக் கட்டியை எடுத்துப் புதிதாகச் சீவினாள். சாயம் ஏற்றுவதற்கு முன் கண்ணாடிகளை வெந்நீர்ப் பானையில் வைப்பார்கள். நேரம் கூடிப்போனால் எல்லாச் செல்லும் ஒரே பழுப்பாகத் தடித்துத் தெரியும், எண்ணிக்கை பொய்யாகும். அப்படி ஆகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான். கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்று, வினாடி பிசகாமல் எடுத்தாள். எண்ணினாள். விரிச்சது ஒன்பது, மடக்கினது நாற்பத்தைந்து, உருண்டது நூற்று நாற்பது. விரல் உருண்டது பொத்தானிலிருந்து மடக்கினது பொத்தானுக்கு நகர்ந்தால் போதும், ஒரு நாள் குறையும்; இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு. யார் பார்க்கப் போகிறார்கள். விரல் நகரவில்லை. அவள் நல்லவள் என்பதால் இல்லை. அந்த விரலுக்கு வேறு மாதிரி எண்ணத் தெரியாது.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை.

"நானும் நேத்து தனியா எண்ணிட்டேன். அஞ்சுலேருந்து ஏழு நாள்னு எழுதியிருக்கேன். மூணுக்குக் கீழ வாய்ப்பே இல்ல."

"அறிக்கை யாருக்குப் போகும் மேடம்?"

"படிவத்துல அப்பா உங்க பேரைத்தான் எழுதியிருக்கார். உங்களுக்கு மட்டும்தான் வரும்." எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, "நேத்து நீங்க சொன்னது எதையும் நான் காதுல வாங்கல" என்றார்.

அந்தத் தயவு பாப்பாவுக்கு அடியை விட அதிகமாக வலித்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எதையும் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை பார்ப்பார்.

"இப்ப சொல்லி அப்பா எழுந்து வரப் போறாரா?"

"அண்ணி வருவாங்கல்ல."

"வந்தா சந்தோஷம். உங்க அண்ணன் உன்னை வாசப்படி ஏத்துவாரா, அதை யோசிச்சியா? இந்த அறிக்கையை நீ கொண்டுபோய் நீட்டினாலும் உங்க வீட்ல ஒருத்தருக்கும் ஒரு வரி புரியாது. பேசாம இரு பாப்பா. எல்லாரும் ஒரு மாதிரி அடங்கிட்டாங்க."

பாப்பாவுக்குப் பயமாக இருந்தது. அண்ணனை நினைத்துப் பயம். அதைவிட, வீட்டுக்காரர் சொன்னது தனக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதை நினைத்துப் பயம்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரத்தில் தையல் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. தரை விரிப்பில் அதன் நாலு காலும் அழுந்திய நாலு குழி மட்டும் இருந்தது. அந்த இடத்தில் அண்ணன் வேறு எதையும் வைக்கவில்லை. அண்ணி வந்துவிட்டிருந்தாள். தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பத்திரம் மேஜை மேல், அதன் மேல் ஒரு பேனா. கீழ்வீட்டுக்காரர் காலையிலேயே வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"உக்காரு பாப்பா. நீ போட்டுட்டா நாங்க போடறோம்" என்றான் அண்ணன். எதிலும் ஒட்டாத குரல்.

பாப்பா உட்காரவில்லை. "அண்ணா, அப்பாவோட முழு அறிக்கை வந்திருக்கு."

"சரி. அதை அப்புறம் பாப்போம்."

"இப்பவே சொல்லணும். ரெண்டு பேர் முன்னாலயும்." பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வேலை இடத்தில் சொல்வது போலவே சொன்னாள். "அப்பா அன்னைக்கு விழுந்ததால போகல. அவர் தலையில அடிபட்டு ஆறு நாள் ஆயிருந்துச்சு. அடிபட்ட இடத்துல செல்லெல்லாம் உருண்டு கிடக்கு, நீலம் ஏறியிருக்கு. அது ரெண்டு நாள்ல ஏறாது. கசிஞ்சு கசிஞ்சு சேர்ந்து, செவ்வாய்க்கிழமை காலையில தாங்கல. அதனாலதான் கீழ சாஞ்சார். அண்ணி பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் சாஞ்சிருப்பார்."

அண்ணன் அவளையே பார்த்தான். "ஆறு நாள்னா?"

"புதன்கிழமை. என் வீட்டுல. குளியலறையில உக்காந்திருந்தார். விழுந்தீங்களான்னு கேட்டேன், இல்லன்னார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நம்பிட்டேன்." குரல் உடைந்தது, நிறுத்தி, மறுபடி பிடித்தாள். "நான் எல்லார் முன்னாலயும் அண்ணியைக் கேட்டேன்ல. என்னைத்தான் கேட்டிருக்கணும்."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் வேலை அண்ணனுக்கு. பதறுகிறவர்களிடம் நிதானமாகப் பேசத் தெரிந்தவன். இப்போது உதடு மட்டும் அசைந்தது. இருபது நிமிஷம் என்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டது போல இருந்தது. மெதுவாக அண்ணியின் பக்கம் திரும்பினான். அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ ஏன் ஒண்ணும் பேசாம இருக்க?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

"என்ன தெரியும்?"

"மாமா சொன்னார். ஞாயித்துக்கிழமை வந்ததும் பையை வெச்சிட்டுச் சொன்னார். பாப்பா வீட்ல வழுக்கிட்டேன், தலை கொஞ்சம் வலிக்குதுன்னார். டாக்டர்கிட்ட போலாம் வாங்கன்னேன். புதன்கிழமை போலாம்னார். பாப்பாகிட்ட மட்டும் சொல்லாத, அவ பயந்துக்குவா, அப்புறம் என்னை விட்டுட்டு வேலைக்கே போக மாட்டான்னார்."

"எட்டு மாசமா இதை வெச்சுக்கிட்டு ஏன் சொல்லல?" அண்ணனின் குரல் ஏறியது.

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். முதல் தடவை, செத்தவர் மேலயே பழியைத் திருப்புறியான்னு கேட்டீங்க. ரெண்டாவது தடவை தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. மூணாவது தடவை ஆரம்பிக்கல." சண்டை போடுகிற குரலே இல்லை, துணி அளவு சொல்கிற குரல். "திங்கக்கிழமையே இழுத்துட்டுப் போயிருக்கணும். அந்தத் தப்பு என்னுது. அதை நான் தினமும் நினைச்சுக்கறேன். ஆனா அதைப் பத்தி யாரும் என்னைக் கேக்கல. எவ்வளவு நேரம்னு மட்டும்தான் கேட்டீங்க."

அண்ணன் பத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். "இது வேண்டாம். நீ வீட்டுக்கு வா. நான் இன்னைக்கே வண்டி வெச்சு மெஷினைக் கொண்டுவந்துடறேன்."

அண்ணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இவ கண்ணாடியில பார்த்துச் சொன்னா, நம்பறீங்க. அந்தக் கண்ணாடி இல்லேன்னா நான் இன்னும் இருபது நிமிஷம்தானே?"

அவள் பத்திரத்தை அவன் கைக்குக் கீழேயிருந்து மெதுவாக உருவி எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. பேனாவைத் திறந்து, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு காகிதத்தைத் திருப்பி பாப்பாவின் முன்னால் தள்ளினாள்.

"அண்ணி, வேண்டாம். என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டேன் பாப்பா. வந்து நின்னு சொன்ன பாரு, அப்பவே மன்னிச்சிட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்." பேனாவை நீட்டினாள். "அது வேற, இது வேற. போடு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கேட்டவ நீ. நீ போட்டாத்தான் எனக்குச் சரியா இருக்கும்."

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவன் ஜன்னலோரத்து நாலு குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை வாங்கி, இரண்டாம் சாட்சி என்று போட்டிருந்த இடத்தில், வேலை இடத்திலும் வீட்டிலும் யாரும் கூப்பிடாத தன் முழுப்பெயரை எழுதினாள். கண்ணீர் காகிதத்தில் விழாமல் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடல" என்றாள்.

பாப்பா தேதியையும் போட்டாள்.